ஸ்போர்ட்ஸ் காருக்கு மாற்று டயர்

நேயர்களே, நாம் சீவும் பால்மரத்தின் ரப்பரும் சேர்ந்ததுதான் டயர். சிங்கப்பூரில், பாசிர் ரிஸில் குடியிருக்கும் நம் தோட்டத்துப் பிள்ளை ஸ்போர்ட்ஸ் காருக்கு டயர் மாற்றுவதாக வைத்துக்கொள்வோம். டயரின் பக்கவாட்டில் 'வி' என்றிருந்தால் மணிக்கு 240 கிலோமீட்டர் வேகம் தாங்கும். 'ஒய்' என்றால் 300. கார் செய்தவர்கள் குறித்த எழுத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. அதற்கு மேலே போய்ப் பணத்தைக் கொட்டவும் வேண்டியதில்லை. அங்கே விரைவுச்சாலையிலேயே 90தான் உச்சம்!

உயிரைக் காப்பது மழையில் கிடைக்கும் பிடிப்பு. டயரின் பள்ளங்கள் வழியாகத்தான் நீர் வெளியேறுகிறது. அவை தேய்ந்தால் டயர் தண்ணீர்மேல் மிதக்கும். பிரேக் பிடித்தாலும் கார் நிற்காது. சட்டம் வைத்த எல்லை 1.6 மில்லிமீட்டர். மழை மிகுந்த ஊரில் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது நல்லதென்போம். வாங்கும்போது பக்கவாட்டில் நான்கு இலக்கங்களைப் பாருங்கள்: 1225 என்றால் 2025ஆம் ஆண்டின் 12ஆவது வாரத்தில் செய்தது. மலிவென்று பழைய சரக்கைத் தள்ளிவிடுவார்கள்.