டிரான்சிஸ்டரைக் கொன்றது எது?

2006-ல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் நத்தம், வேடசந்தூர் பக்கத்துக் கிராமங்களுக்கும் 14 அங்குலப் படக்குழாய்ப் பெட்டிகள் வந்தன. அத்தகைய பெட்டிகளைப் பழுது பார்க்கும் மெக்கானிக்கின் கைத்திறன் எங்கே தெரியும் என்றால், ஹாரிசாண்டல் பகுதியில்தான்.

நொடிக்கு 15,625 கோடுகளை இடமிருந்து வலமாக இழுப்பது அந்தப் பகுதி. படக்குழாய்க்கு வேண்டிய இருபதாயிரம் வோல்ட்டையும் எல்ஓடி எனப்படும் லைன் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் வழியாக அதுவே கொடுக்கிறது. அது படுத்தால் திரையே இருண்டுவிடும்.

மூடியைக் கழற்றினால் பெரும்பாலும் அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட்டாகிக் கிடக்கும். அவசரக்காரர் உடனே புதுசு மாட்டுவார். சில நொடியில் அதுவும் போய்விடும். தேர்ந்தவர் அதைக் கொன்றது எது என்று தேடுவார். முதல் சந்தேகம் 1600 வோல்ட் டியூனிங் கண்டன்சர் மேல். அது ஓப்பனானால் வோல்டேஜ் டிரான்சிஸ்டர் தாங்கும் அளவைத் தாண்டி எகிறும். அடுத்து, போர்டைத் திருப்பி வெளிச்சத்தில் சாய்த்துப் பிடிப்பார். டிரைவர் டிரான்ஸ்பார்மரின் காலைச் சுற்றி ஈயத்தில் மயிரிழை அளவுக்குக் கருவளையம் தெரிந்தால் அது டிரை சால்டர். டிரைவ் போதாமல் டிரான்சிஸ்டர் சூடேறியே செத்திருக்கும். சொட்டு ஈயம் வைத்தால் தீரும் கோளாறு!

பிறகு சீரிஸ் பல்பு. எல்ஓடிக்குப் போகும் சப்ளையை வெட்டி, நடுவில் 60 வாட் பல்பைக் கோர்ப்பார். பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் ஷார்ட் இன்னும் உள்ளே இருக்கிறது. எல்ஓடியையோ, படக்குழாயின் கழுத்தில் உள்ள யோக் என்ற சுருளையோ பார்க்க வேண்டும். மங்கலாக நின்றால் பயமில்லை. இரண்டிலும் புது டிரான்சிஸ்டர் தப்பிவிடும். ஆசிலாஸ்கோப் வாங்க வசதியில்லாத கடைக்கு இதைவிட நல்ல சோதனை இல்லை என்பது என் தீர்மானமான கருத்து.

திரை நடுவே செங்குத்தாக ஒற்றைக்கோடு மட்டும் நின்றால் எல்ஓடி ஓடுகிறது, யோக் பக்கம் அறுந்திருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் பிரைட்னஸைக் குறைத்தே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பாஸ்பர் கருகிவிடும்.

காதும் ஒரு கருவிதான். திரை இருண்டிருந்தும் மெல்லிய விசில் கேட்டால் ஹாரிசாண்டல் ஓடுகிறது. இளம் காதுக்கு நன்றாகவே கேட்கும். படக்குழாய்க் கம்ப்யூட்டர் மானிட்டரில் அது நடக்காது. அங்கே நொடிக்கு 31,000-க்கு மேல் கோடுகள். எந்தக் காதுக்கும் எட்டாது. ரெசல்யூஷனுக்கு ஏற்பக் கண்டன்சர்களை மாற்றிவிடும் எஃப்இடி என்ற சுவிட்ச் டிரான்சிஸ்டர்களும் அதில் உண்டு. ஒரு ரெசல்யூஷனில் மட்டும் படத்தின் அகலம் கெட்டால் முதலில் அவற்றை அளந்துவிடுங்கள்.