அட்டன்பரோ: ஓர் அரிய குடிப்பெயரின் வேரும் புகழும்



1982ஆம் ஆண்டு ‘காந்தி’ திரைப்படம் வெளிவந்தபோது இரு குடிப்பெயர்கள் உலகெங்கும் ஒருசேர ஒலித்தன. ஒன்று கதைத்தலைவருடையது, மற்றொன்று அதனை இயக்கிய ரிச்சர்டு அட்டன்பரோவுடையது. காந்தி என்பது குஜராத்தியில் மளிகை வணிகரைச் சுட்டும் பெயர். அட்டன்பரோ ஓர் ஊரின் பெயர். முன்னதைத் தாங்கியோர் மேற்கிந்தியாவில் பலர். பின்னதோ பிறந்த நாட்டிலேயே அரிது. ரிச்சர்டும், இயற்கை வரலாற்றுப் படங்களால் அறியப்பட்ட அவர்தம் இளவல் டேவிடும் தோன்றியிராவிடின், நாட்டிங்காம்சயர் மாவட்டத்தைக் கடந்து அப்பெயரை அறிந்தோர் மிகச் சிலராகவே இருந்திருப்பர்.

ஆங்கிலேயர்க்குக் குடிப்பெயர் தொன்மையான உடைமையன்று. 1066இல் நார்மானியர் படையெடுத்து வந்த காலத்தில் பெரும்பாலோர்க்கு ஒற்றைப் பெயரே இருந்தது. நிலத்தை வழிவழியாக உரிமை கொண்டாட வேண்டியிருந்த பெருங்குடியினர் முதலில் பெயரையும் வழிவழியாக்கினர். ஏறத்தாழ 1400க்குள் உழவரும் கைவினைஞரும் அவர்களைப் பின்பற்றினர். தந்தையின் பெயர், தொழில், ஊர், பட்டம் என நால்வகையாக இப்பெயர்கள் அமைந்தன. திருவாசகத்தை ஆங்கிலமாக்கிய ஜி.யு.போப்பின் குடிப்பெயர் பட்டப்பெயர் வகையினது. அதை முதலில் பெற்றவர் போப்பாண்டவரைப் போல இறுக்கமான முகத்தோடு திரிந்தவராகவோ, நாடகத்தில் அவ்வேடம் புனைந்தவராகவோ இருக்கலாம். சங்கத் தொகைகளைப் பயின்ற இவ்வவையினர்க்கு இப்பகுப்பு புதிதாகத் தோன்றாது. கோவூர் கிழாரின் பெயரில் ஊர் உண்டு. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் பெயரில் ஊரும் உண்டு, தொழிலும் உண்டு. எனினும் அவை புலவரை அடையாளங்காட்டிய அடைமொழிகள். இங்கிலாந்தில் அடைமொழியே சொத்தாக மாறி மகனுக்கு இறங்கியது.

அட்டன்பரோ என்னும் ஊர் நாட்டிங்காம் நகருக்குத் தென்மேற்கே, டிரென்ட் ஆற்றங்கரையில் உள்ளது. அங்கே சரளைக்கல் தோண்டிய பள்ளங்களில் நீர் நிறைந்து பறவைகள் வந்து தங்கின. 1966இல் அவ்விடம் இயற்கைக் காப்பகமாயிற்று. திறந்துவைத்தவர் டேவிட் அட்டன்பரோ. ஊர்ப்பெயரின் பின்பகுதி ‘புர்ஹ்’ என்னும் பழைய ஆங்கிலச் சொல். அரண் என்பது அதன் பொருள். முன்பகுதியில் அட்டா என்றோ அதனையொத்தோ அமைந்த ஒரு மனிதனின் பெயர் மறைந்துள்ளது என்பர். அவன் யாரென்பதற்கு வேறு சான்றில்லை.

குடிப்பெயருக்கு வேறொரு விளக்கமும் சொல்லப்படுவதுண்டு. இடைக்கால ஆங்கிலத்தில் ‘அட்டன்’ என்பது ‘இன்ன இடத்தில்’ எனப் பொருள்படும் முன்னொட்டாக வழங்கியது. ஆதலின் அட்டன்பரோ என்றால் ‘அரணருகே வாழ்பவன்’ என்று கொள்ளலாம் என்பர். ஒலியளவில் இது கவர்ச்சியான விளக்கமே. ஆனால் அரண்கள் பல. அரணருகே வாழ்ந்தவர்களும் பலர். பெயர் அவ்வாறு பிறந்திருப்பின் பல இடங்களில் தனித்தனியே முளைத்திருக்க வேண்டும். இத்துணை அரிதாக இருந்திராது.

ஊர்ப்பெயரால் அமைந்த குடிப்பெயரில் நுட்பமான ஒன்று உண்டு. ஓர் ஊருக்குள் இருப்பவனை எவரும் அவ்வூர்ப் பெயரால் அழைப்பதில்லை. எல்லாரும் அவ்வூரார்தாமே! அயலூருக்குப் பெயர்ந்த பின்னரே அப்பெயர் அவனுக்கு அடையாளமாகிறது. எனவே இவ்வகைக் குடிப்பெயர் பெரும்பாலும் பிரிவின் சுவடு. குரோம்வெல்லின் மருமகனும், முதலாம் சார்லசு மன்னனின் மரண ஆணையில் கையொப்பமிட்டவர்களுள் ஒருவருமான ஹென்றி அயர்ட்டன், 1611இல் அட்டன்பரோ ஊரிலேதான் பிறந்தார். அவர் தாங்கியதோ டர்பிசயரிலுள்ள வேறோர் ஊரின் பெயர்!

டேவிட், ரிச்சர்டு ஆகியோரின் தந்தை பிரடெரிக் அட்டன்பரோ 1887இல் ஸ்டேபிள்ஃபோர்டில் பிறந்தவர். மூதாதையர் ஊரிலிருந்து அது சில மைல் தொலைவுதான். ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகளில் பெயர் நடந்த தொலைவு அவ்வளவே. அவர் பழைய ஆங்கிலம் கற்ற அறிஞர். தொல்பழம் ஆங்கில அரசர்களின் சட்டங்களை மூலமும் மொழிபெயர்ப்புமாக 1922இல் பதிப்பித்தார். அவற்றுள் ஐனி மன்னனின் சட்டம் ஒன்று, அரசனின் ‘புர்ஹ்’ அரணை உடைத்துப் புகுந்தவனுக்கு 120 ஷில்லிங் தண்டம் விதிக்கிறது. தம் பெயரின் பாதியை அவர் சட்டநூலில் பதிப்பித்திருக்கிறார் எனலாம். பின்னர் லெஸ்டர் பல்கலைக்கழகக் கல்லூரியின் முதல்வரானார். மக்கள் அவ்வளாகத்திலேயே வளர்ந்தனர்.

அதே லெஸ்டரில், பல்கலைக்கழகமாக உயர்ந்த அந்நிறுவனத்தில், டூரி கிங், மார்க் ஜாப்ளிங் என்னும் இரு மரபணு ஆய்வாளர்கள் நாற்பது குடிப்பெயர்களை ஆராய்ந்து 2009இல் முடிவுகளை வெளியிட்டனர். ஆராயப்பட்ட ஆடவர் 1,678 பேர். ஒய் குரோமோசோம் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே செல்வது, குடிப்பெயரும் அவ்வாறே. இரண்டும் இணைந்து செல்கின்றனவா என்பதே வினா. ஸ்மித் என்னும் பெயருடையோரிடையே உறவுக்குறி ஏதுமில்லை. ஊருக்கொரு கொல்லன் இருந்தான் அல்லவா! அட்டன்பரோக்களிலோ 70 விழுக்காட்டினர்க்கு மேல் ஒரே வகைக் குரோமோசோம், அல்லது அதனையொட்டியது, காணப்பட்டது.

இதனால் அவர்கள் அனைவரும் ஒருவனின் வழிவந்தோர் என முடிவுகட்டல் ஆகாது. பலர் தொடங்கிய பெயரிலும் பிற கிளைகள் ஆண்மக்கள் இன்றி அற்றுப்போக, ஒரு கிளை மட்டும் செழிக்கலாம். குடிப்பெயர்கள் இவ்வாறு அழிவதைக் கணக்காக 1873இல் எழுப்பியவர் பிரான்சிசு கால்டன். வாட்சனுடன் சேர்ந்து மறு ஆண்டே விடை தந்தார். கோவில் விளக்குகளில் காற்று எதை அணைக்கும் என்று சொல்ல முடியாதது போன்றதே இதுவும். எஞ்சியது சிறந்ததனால் எஞ்சவில்லை.

70 போக மீதியினர்? அவர்களும் அட்டன்பரோக்களே. தத்தெடுப்பு, தாயின் பெயரைப் பூணுதல், மனைவிவழிச் சொத்துக்காகப் பெயர் மாற்றல், மணவுறவுக்கு வெளியே பிறப்பு எனக் காரணங்கள் பல. தாமசு ஹார்டி 1891இல் வெளியிட்ட ‘டெஸ்’ புதினம் இதன்மேலேயே எழுப்பப்பட்டது. உண்மையான டர்பர்வில் மரபினன் பெயர் சிதைந்து டர்பிஃபீல்டு எனும் ஏழையாகத் திரிகிறான். வணிகத்தில் பொருளீட்டிய ஸ்டோக் குடும்பத்தார் புத்தகத்தில் தேடி அப்பெயரைச் சூடிக்கொண்டு மாளிகையில் வாழ்கின்றனர். அதற்கு விலை கொடுத்தவள் ஒரு பெண்.

பெண்களை இவ்வாய்வு காணவே காணாது என்பதையும் சொல்லியாக வேண்டும். மணத்தோடு அவர்கள் பெயர் மறைகிறது. ஒய் குரோமோசோமோ அவர்களிடம் இல்லவே இல்லை. ஆயினும் லெஸ்டரிலேயே 2012இல் வண்டி நிறுத்துமிடம் ஒன்றின் அடியில் கிடைத்த எலும்புக்கூடு மூன்றாம் ரிச்சர்டு மன்னனுடையது என உறுதிப்பட்டது தாய்வழி மரபணுவால். அவன் தமக்கையிலிருந்து மகள், மகளின் மகள் எனப் பெயர் மாறி மாறி வந்த கொடி அறாமல் இருந்தது. ஏடுகளில் பெருமையோடு பதிவான ஆண்வழியில் வந்த ஐவரின் குரோமோசோம் பொருந்தவில்லை. 2014இல் இதனை வெளியிட்ட குழுவின் முதல் ஆசிரியரும் டூரி கிங்கே.

1939இல் பெர்லினிலிருந்து இரு யூதச் சகோதரியர் லெஸ்டர் வந்தனர். அமெரிக்காவிலுள்ள உறவினரிடம் செல்லும்வரை தங்குவதாக ஏற்பாடு, போர் மூண்டது. பிரடெரிக்கும் மேரியும் தம் மூன்று மகன்களையும் அழைத்துக் கேட்டு, அச்சிறுமியரை வீட்டிலேயே இருத்திக்கொண்டனர். தந்தை நாசிகளால் கொல்லப்பட்டார். 1946வரை அவர்கள் அங்கே சகோதரிகளாகவே வளர்ந்தனர். எந்தக் குரோமோசோம் பட்டியலிலும் அவர்களுக்கு இடமில்லை, பெயரும் மாறவில்லை.

அக்காலத்தில் அகதியாக வந்த சிறுமி ஒருத்தி டேவிடுக்கு ஒரு துண்டு அம்பரைக் கொடுத்தாள். மரத்தின் பிசின் கல்லாகியது. உள்ளே பழங்காலப் பூச்சிகள். அவர் அதைப் பாதுகாத்து வைத்திருந்து, 2004இல் அது பற்றி ஒரு தொலைக்காட்சிப் படம் எடுத்தார்.