இன்புளூயன்சா உயிருக்கு ஆபத்தாவது எப்போது?

புனே நகரின் வடமேற்கே, முளா ஆற்றங்கரையில் அமைந்திருக்கிறது கட்கி. படையினர் குடியிருப்பு, 1869இல் நிறுவப்பட்ட வெடிமருந்துத் தொழிற்சாலை, தொழிலாளர் இல்லங்கள், பம்பாய் செல்லும் இருப்புப் பாதை ஆகிய யாவும் அங்கே அருகருகே உள்ளன. மக்கள் நெருங்கி வாழும் இத்தகைய ஊர்களே இன்புளூயன்சா பரவுவதற்கு ஏற்ற களமாகும். 1918 ஜூனில் பம்பாயில் தோன்றிய நோய், இருப்புப் பாதைகளின் வழியே உள்நாட்டுக்குள் புகுந்தது. செப்டம்பரில் எழுந்த இரண்டாம் அலை கொடியதாயிற்று. இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்று மதிப்பிடப்படுகிறது. 1921ஆம் ஆண்டின் மக்கள் தொகை 1911ஆம் ஆண்டினதைவிடக் குறைந்திருந்ததே இதற்குச் சான்று.

2009 ஆகஸ்டு 3ஆம் நாள் புதிய எச்1 என்1 கிருமியால் நாட்டில் நேர்ந்த முதல் மரணமும் புனேயிலேயே நிகழ்ந்தது. மாண்டவர் ஒரு பள்ளி மாணவி. 'பன்றிக் காய்ச்சல்' என்ற பெயர் பலரைக் குழப்பியது. பன்றி இறைச்சியை உண்பதால் அந்நோய் வருவதில்லை. மனிதரின் இருமலாலும் தும்மலாலுமே அது பரவுகிறது.

பெரும்பாலோருக்கு இந்நோய் ஒரு வாரத்தில் தணிந்துவிடும். மூக்கு, தொண்டை அளவில் நில்லாமல் கிருமி நுரையீரலின் காற்றுப் பைகளை அடையும்போதுதான் ஆபத்து நேர்கிறது. அங்கே உயிரணுக்கள் அழிகின்றன. கிருமியை எதிர்க்க எழும் உடலின் தற்காப்பு ஆற்றலே அளவு மீறிச் சேதத்தைப் பெருக்குகிறது. நுண்ணிய இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து காற்றுப் பைகள் நிரம்புகின்றன. பிராணவாயு இரத்தத்தில் கலக்க வழியின்றிப் போகிறது. பிற உறுப்புகளும், குறிப்பாகச் சிறுநீரகமும் இதயமும், தளரக்கூடும். சிலருக்குக் காய்ச்சல் தணிவது போலத் தோன்றிப் பின் மீண்டும் ஏறும். பழுதுபட்ட நுரையீரலில் நியூமோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் குடியேறியதன் அறிகுறி அது. சாதாரணச் சளி என்று கருதி இதனைப் புறக்கணிப்பதே பெருந்தவறு.

யாரை இது மிகுதியாகத் தாக்குகிறது? கருவுற்ற பெண்கள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், அறுபத்தைந்து வயதைக் கடந்தோர், நீரிழிவு, ஆஸ்துமா, இதய நோய், சிறுநீரக நோய் உடையோர் ஆகியோர் பொதுவாக ஆபத்துக்கு உள்ளாவர். 2009இல் மிகுந்த உடற்பருமனும் ஒரு காரணமாக அறியப்பட்டது. ஆயினும் 1918ஐப் போலவே அப்போதும் திடகாத்திரமான இளைஞர்கள் பலர் தீவிர சிகிச்சைப் பிரிவை அடைந்தனர். முதியோரில் பலருக்கோ முன்னர்ப் பெற்ற தொற்றின் எதிர்ப்பாற்றல் ஓரளவு துணை நின்றது.

2009 ஆகஸ்டில் மத்திய சுகாதார அமைச்சகம் நோயாளிகளை மூன்றாகப் பிரித்தது. இலேசான காய்ச்சலுடையோர் வீட்டிலேயே தனித்திருக்க வேண்டும். அவர்களுக்குப் பரிசோதனை வேண்டியதில்லை. ஆபத்துக்குரியோருக்குப் பரிசோதனையின்றியே ஓசெல்டாமிவிர் மருந்து தரலாம். மூச்சுத் திணறல், மார்பு வலி, மயக்கம், நகங்கள் நீலமாதல் கண்டால் உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். பரிசோதனைக்கு அஞ்சியோரின் வரிசைகளைவிட மூச்சுத் திணறுவோருக்கு முதலிடம் தரும் இப்பகுப்பு அறிவார்ந்ததாகும். முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் அம்மருந்து மிகுந்த பயன் தரும். கடும் நோயாளிகளுக்கு அதன் பின்னரும் தருவது முறை.

தடுப்பூசி இடும் காலமும் ஊருக்கு ஊர் வேறுபடும். புனேயில் இந்நோய் தென்மேற்குப் பருவமழையை ஒட்டி, ஜூலை முதல் செப்டம்பர் வரை உச்சமடைகிறது. சென்னையிலும் வேலூரிலும் வடகிழக்குப் பருவமழையே அதன் காலம். எனவே கட்கியில் மழைக்கு முன்னரும், சென்னையில் அக்டோபருக்கு முன்னரும் ஊசி கைவசம் இருத்தல் அவசியம்.