நீளச் சரக்கும் குறுகிய வழியும்

(தாம்பரத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில், குழாய், கம்பி, மரக் கிடங்கு நடத்துவோரும் அவற்றில் பணிபுரியும் இளைஞர்களும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கிராம முன்னேற்றம் பற்றிப் பேச வருவோர் பெரும்பாலும் பயிரைப் பற்றியும், பாலைப் பற்றியும், பள்ளியைப் பற்றியும் பேசுவார்கள். நான் இன்று இரும்புக் கம்பியையும் குழாயையும் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இது கிராமத்திற்குப் புறம்பான விஷயம் என்று தாங்கள் எண்ண வேண்டாம். முன்பு நெல் விளைந்த வயல்கள் பலவற்றில் இன்று கிடங்குகள் நிற்கின்றன. அவற்றில் பாரம் தூக்கிப் பிழைப்போர் நம் வீட்டுப் பிள்ளைகளே.

இப்பகுதிக்கு இயந்திரம் புதிதன்று. 1931-ஆம் ஆண்டிலேயே சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கிற்று. 1949-இல் குரோம்பேட்டையில் சி. ராஜம் அவர்கள் தொழில்நுட்பக் கல்லூரியை நிறுவினார். 1984-இல் தாம்பரத்தில் ஏற்றுமதித் தொழில் வளாகம் அமைந்தது. 2021-இல் தாம்பரம் மாநகராட்சியாயிற்று. வண்டலூர், கூடுவாஞ்சேரி, மேடவாக்கம் என நாற்புறமும் வீடுகள் எழுகின்றன. வீடு எழ வேண்டுமாயின் 12 மீட்டர் நீளக் கம்பி வேண்டும். ஆழ்துளைக் கிணற்றுக்கு 20 அடிக் குழாய் வேண்டும். சாரம் கட்டச் சவுக்குக் கழி வேண்டும். இவை யாவும் நீளமான சரக்குகள். ஆனால் நிலத்தின் விலையோ ஏறிக்கொண்டே போகிறது. ஆதலின் கிடங்குகள் நெருக்கமாகின்றன, வழிகள் குறுகுகின்றன. சரக்கு நீளம், வழி குறுகல் என்னும் இவ்விரண்டுக்கும் நடுவே அகப்பட்டுக் கொள்பவன் தொழிலாளி.

பல ஆண்டுகளுக்கு முன் நான் மேற்பார்வையாளனாக இருந்த ஒரு கிடங்கில் நிகழ்ந்ததைச் சொல்கிறேன். ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஒன்று, 20 அடிக் குழாய்க் கட்டைத் தன் முன்னே குறுக்காகத் தூக்கி வந்தது. அது வர வேண்டிய வழியின் அகலம் 18 அடி. ஓட்டுநர் வண்டியை இப்படியும் அப்படியும் சாய்த்துத் திருப்பி வந்தார். கட்டின் ஒரு முனையைக் கையால் பிடித்துத் திசை திருப்பும் வேலை பத்தொன்பது வயது இளைஞன் ஒருவனிடம் விடப்பட்டிருந்தது. மறு முனை ஒரு தூணில் இடித்தது. இடித்த முனை நின்றது. இவன் பிடித்திருந்த முனை வீசிற்று. அவன் கை குழாய்க்கும் சுவருக்கும் நடுவே நசுங்கியது. இரண்டு விரல்கள் போயின. விபத்துக் குறிப்பில் “கவனக் குறைவு” என்று எழுதப்பட்டது. எழுதியவன் நானே. அது தவறான வார்த்தை என்று ஒப்புக்கொள்ளவே இன்று தங்கள் முன் நிற்கிறேன். குழாய் 20 அடி, வழி 18 அடி. இதில் யாருடைய கவனம் என்ன செய்துவிடும்?

அன்பர்களே! நம் ஊர்க் கொத்தனார் ஏணியைத் தூக்கிச் செல்வதைப் பாருங்கள். சந்துக்குள் நுழையும்போது அவர் ஏணியைக் குறுக்கே பிடிப்பதில்லை; தோள்மீது நீளவாக்கில் வைத்துக் கொள்கிறார். ஏணி எவ்வளவு நீளமாயினும், அவர் தோளின் அகலமே அதற்குப் போதிய வழி. ரயில்வேயினரும் இதையே செய்கிறார்கள். 260 மீட்டர் நீளமாகப் பற்றவைத்த தண்டவாளங்களைப் பல வேகன்கள்மீது நீளவாக்கில் கிடத்தி, வளைவுகளையும் கடந்து கொண்டு செல்கிறார்கள். நீளமான பாரம் தன் நீளத்தின் வழியே செல்ல வேண்டும் என்பதே இதன் விதி.

சாதாரண ஃபோர்க்லிஃப்ட் இவ்விதிக்கு மாறாக நடப்பது. அது பாரத்தை முன்னால் தூக்குகிறது. சதுரமான பெட்டிக்கும், பலகைமேல் அடுக்கிய சிமெண்டு மூட்டைக்கும் அது மிகப் பொருத்தம். நீளமான குழாயை அதில் ஏற்றினால், அது ஏணியைக் குறுக்கே பிடித்து ஓடுபவனைப் போலாகிறது.

இக்குறையைத் தீர்க்க வந்ததே சைடு லோடர் எனப்படும் பக்கத் தூக்கி வண்டி. இதில் தூக்கும் மாஸ்ட் வண்டியின் முன்னால் இல்லை. நடுவே, பக்கவாட்டை நோக்கி நிற்கிறது. வண்டி ரேக்கின் ஓரமாகச் சென்று நிற்கும். மாஸ்ட் பக்கவாட்டில் வெளியே நகரும். இரும்பு நாக்குகள் சரக்கின் அடியில் நுழைந்து, தூக்கி, உள்ளே இழுத்து, வண்டியின் நீண்ட மேடைமீது இறக்கி வைக்கும். பிறகு வண்டி நீளவாக்கில் புறப்படும். செல்லும்போது பாரம் தாழ்வாக மேடையின்மேல் படுத்திருப்பதால் ஊசலாட்டம் குறைவு; நீளக் குழாயின் முனைகள் தொய்ந்து துள்ளுவதும் குறைவு. முனையைப் பிடித்துக்கொண்டு ஒருவன் உடன் நடக்க வேண்டிய தேவையே இல்லை. இதனை நான் முதன்மையான லாபமாகக் கருதுகிறேன்.

இடத்தின் கணக்கையும் பார்ப்போம். 20 அடிக் குழாயைக் குறுக்கே கொண்டு செல்ல, இருபுறமும் ஓரடி விட்டால் 22 அடி வழி வேண்டும். ஏழடி அகலமுள்ள பக்கத் தூக்கிக்கு, அதே ஓரடி விட்டால் 9 அடி போதும். ஒரு வழியில் 13 அடி மிஞ்சுகிறது. இரண்டு வழியுள்ள கிடங்கில் 26 அடி. அந்த இடத்தில் மேலும் சில வரிசை ரேக்குகள் நிற்கலாம். அல்லது தொழிலாளர் அச்சமின்றி நடக்கத் தனிப் பாதை அமையலாம். இரண்டாவதை முதலில் செய்யுங்கள் என்று கிடங்கு உரிமையாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

நன்மையை மட்டும் கூறிக் குறையை மறைத்தல் முறையன்று. இவ்வண்டியின் விலை சாதாரண ஃபோர்க்லிஃப்ட்டின் விலையைவிட அதிகம். அது ஒரு பக்கம் மட்டுமே தூக்கும். எதிர்ப்பக்க ரேக்கிலிருந்து எடுக்க வேண்டுமாயின் வெளியே சென்று திரும்பி மறுமுனை வழியே நுழைய வேண்டும். ஆகவே வழியின் இரு முனைகளிலும் திரும்ப இடம் விட வேண்டும். அயர்லாந்தின் மோனகன் நகரில் 1998-இல் தொடங்கப்பெற்ற காம்பிலிஃப்ட் நிறுவனம், சக்கரங்களைத் திருப்பி முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் செல்லும் வண்டிகளைச் செய்து வருகிறது. நெருக்கமான இடத்திற்கு அவ்வகை மேலும் உதவும்.

எவ்வகை வண்டியாயினும் அதற்குக் கெட்டியான, சமமான தளம் வேண்டும். நம் பகுதியில் இது முக்கியம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் பட்ட துயரம் தங்களுக்கு நினைவிருக்கும். வடகிழக்குப் பருவமழையில் ஊறிய மண்தளத்தின்மேல், உயரத் தூக்கிய பாரத்துடன் நிற்கும் வண்டியின் ஒரு சக்கரம் சற்றே அமிழ்ந்தாலும் வண்டி கவிழக்கூடும். முதலில் தளம், பிறகு வண்டி. வரிசை மாறினால் பணமும் போகும், உயிரும் போகும்.

“நாங்கள் சிறிய வியாபாரிகள், இவ்வண்டியை வாங்க எங்களால் இயலுமா?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அருகருகே உள்ள கிடங்குக்காரர்கள் சேர்ந்து ஒரு வண்டியை வைத்துக்கொள்வதும், வாடகைக்கு எடுப்பதும் ஆராயத்தக்கவை. அதுவும் இயலாதவர்கள் செய்யக்கூடியவை சில உண்டு.

தங்கள் சரக்கில் மிக நீளமானதை முதலில் அளவெடுங்கள். பிறகு தங்கள் வழியில் மிகக் குறுகிய இடத்தை அளவெடுங்கள். வழி சிறிதாயின், அந்தச் சரக்கு அவ்வழியே குறுக்காகப் போகாது என்று சுவரில் எழுதி வையுங்கள். குழாய்களை வழிக்கு இணையாக, முன்பக்கம் தூணில்லாமல் கை நீட்டிய ரேக்குகளில் அடுக்குங்கள். கனமானவை கீழே இருக்கட்டும். மேலே உத்திரம் அமைத்துச் செயின் பிளாக் மாட்ட முடியுமாயின், ஒரே கொக்கியில் தொங்கவிடாமல், நீண்ட சட்டம் ஒன்றைக் கோத்து இரண்டு இடத்தில் கட்டித் தூக்குங்கள். தொங்கும் பாரத்தைக் கையால் தொடாதீர்கள். முனைகளில் நீண்ட கயிறு கட்டித் தள்ளி நின்று திருப்புங்கள். ஓட்டுநருக்குச் சைகை காட்டுபவர் ஒருவரே இருக்கட்டும். திறந்த வெளியில் தூக்குமுன் தலைக்கு மேலே மின்கம்பி இருக்கிறதா என்று நிமிர்ந்து பாருங்கள்.

கிடங்கை விட்டு வெளியே சென்ற பின்னும் பொறுப்பு தீர்வதில்லை. வண்டிக்கு வெளியே கம்பி நீட்டிக்கொண்டு செல்ல முன்பு ஓரளவு இடம் தந்த விதியை மத்திய அரசு 2014-இல் நீக்கிவிட்டது. இரவில் ஜி.எஸ்.டி. சாலையில் பின்னால் வருபவன் கண்ணுக்கு அக்கம்பி தெரியாது. கம்பியின் நீளத்திற்கேற்ற வண்டியில் ஏற்றுவது நமது கடமை.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. “சும்மா பிடி, ஒன்றும் ஆகாது” என்று யார் சொன்னாலும், வீசக்கூடிய முனையைப் பிடிக்காதீர்கள். மறுப்பது சோம்பலன்று, அறிவு. வண்டி ஓட்ட விரும்புவோர் முறையாகப் பயிற்சி பெற்ற பின்னரே ஓட்டுங்கள். உரிமையாளர்களே! மறுப்பவனைக் கடிந்துகொள்ளாதீர்கள். அவன் மறுக்கும் நேரத்தில் தங்கள் வழியை ஒரு முறை அளந்து பாருங்கள்.

அந்த இளைஞனுக்கு இன்று குடும்பம் இருக்கிறது. இரண்டு விரல் குறைந்த கையோடு உழைத்துப் பிழைக்கிறான். அவனிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டே, “ஐயா, அந்த வழியை அகலப்படுத்தினார்களா?” என்று கேட்டான். என்னிடம் அதற்கு விடை இல்லை. தங்கள் கிடங்கைப் பற்றி யாராவது அக்கேள்வியைக் கேட்டால், விடை கூறத் தங்களால் இயல வேண்டும் என்பதே எனது வேண்டுகோள்.