பல்லின் பழுப்பும் கிணற்று நீரும்

வயது வந்தோர் வாயில் பற்கள் 32. ஒவ்வொன்றன் மேலும் கவசம்போல் படர்ந்துள்ள எனாமல், எலும்பினும் கடினமானது. ஆயினும் பழுதுற்றால் மீண்டும் வளராதது. நிலைப்பற்களின் எனாமல், குழந்தைக்குச் சுமார் 8 வயதாகும் வரையில், ஈறுக்குள் மறைந்திருக்கையிலேயே அமைந்துவிடுகிறது.

சேலம், நாமக்கல் சமவெளிகளில் சில கிராமங்களின் நிலத்தடி நீரில், பாறையிலிருந்து கரைந்த ப்ளோரைடு மிகுந்திருக்கிறது. அந்நீரைக் குடித்து வளரும் குழந்தையின் பல் வெண்திட்டுக்களோடு முளைத்து, நாளடைவில் பழுப்பேறுகிறது. அதை வெற்றிலைக் கறையென்று கருதிச் செங்கற்பொடியால் தேய்ப்பாருண்டு. வெற்றிலைக் கறை பல்லின் மேலே படிவது. இதுவோ எனாமலோடு ஊறியது. செங்கற்பொடி, கறையை விட்டுவிட்டு எனாமலையே அரைக்கும். பெண் பார்க்க வந்தவர்கள் பல்லைக் கண்டு, பரம்பரை வியாதியென்று எழுந்து போவதும் வீண் அறியாமையே. அப்பெண் செய்த குற்றம், ஊர்க் கிணற்றில் நீர் குடித்ததுதான்!

1937-ஆம் ஆண்டில், அந்நாளைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் ஜில்லாவில், ஷார்ட் முதலிய வைத்தியர்கள் இத்தகைய நீர் எலும்புகளையும் பற்றி, முதுகை விறைக்கச் செய்வதைக் கண்டு வெளியிட்டனர்.

காய்ச்சுவதால் ப்ளோரைடு நீங்காது. நீர் வற்ற வற்றச் செறிவே கூடும். ருசியும் நிறமும் காட்டிக்கொடா. ஆதலின் புதிதாக ஆழ்துளைக் கிணறு இறக்கியதும் நீரைப் பரிசோதிப்பித்தல் வேண்டும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்படின், அதைக் குடிநீராகக் கொள்ளாது, குழந்தைகளுக்குச் சுத்தமாய்ச் சேமித்த மழைநீரையோ, குழாயில் வரும் காவிரி நீரையோ கொடுத்தல் தகும்.