மாடித் தோட்டமும் ஒரு டைமரும்

அக்னி நட்சத்திரம் ஆரம்பிச்ச நேரத்துல அம்மா மாடித் தோட்டத்தை என்னை நம்பி விட்டுட்டு ஊருக்குப் போனாங்க. எனக்கும் ஆறு நாள் வெளியூர் வேலை. குழாயில மாட்டுற பேட்டரி டைமர் ஒண்ணு வாங்கி, கீழே கேட் பக்கத்துக் குழாயில மாட்டிப் பார்த்தேன். அருமையா ஓடுச்சு. அப்படியே மாடிக் குழாய்க்கு மாத்திட்டுக் கிளம்பிட்டேன். திரும்பி வந்தா, கறிவேப்பிலைச் செடி மொத்தமும் காய்ஞ்சு நிக்குது.

பேட்டரியை மாத்தினேன். 'டிக்'னு சத்தம் வருது, தண்ணி வரலை. டியூபைக் கழட்டினாலும் சொட்டுதான். வடிகட்டியும் சுத்தமாத்தான் இருந்தது. அப்புறம்தான் அட்டைப்பெட்டியைப் படிச்சேன் (வாங்கின அன்னைக்கே படிச்சிருக்கணும்!): குறைந்தது 0.5 பார் அழுத்தம் வேணுமாம்.

10 மீட்டர் உயரத் தண்ணி சுமார் 1 பார் அழுத்தம் தரும். எங்க டேங்க் மூணு மாடிக்கு மேல இருக்கறதால கேட் குழாய்க்கு அது கிடைச்சுடுது. மாடிக் குழாய்க்கும் டேங்குக்கும் ஒன்றரை மீட்டர்தான், அதாவது 0.15 பார். இந்த டைமர்ல இருக்கறது சோலனாய்டு வால்வு. உள்ளே இருக்கற ரப்பர் சவ்வைத் தள்ளித் திறக்கறதே தண்ணியோட அழுத்தம்தான். டைமர் கெட்டே போகலை!

பால் வால்வு டைமர் வாங்கினேன். அதுல சின்ன மோட்டாரே வால்வைத் திருப்பிடும். ஒரே பயம், வால்வு திறந்திருக்கும்போது பேட்டரி செத்தா டேங்க் காலி. அதனால ஊருக்குக் கிளம்பற அன்னைக்குப் புது பேட்டரி.

கறிவேப்பிலை அடியில ரெண்டு துளிர் விட்டிருக்கு. அம்மா அடுத்த வாரம் வர்றாங்க. அவங்க பாட்காஸ்ட் கேட்கறதில்லைங்கற தைரியத்துலதான் இதைப் பேசிட்டிருக்கேன்.