மலிவு டார்ச் வாங்கலாமா?

(செப்டம்பர் மாத உறுப்பினர் கூட்டத்தில் பேசியது. பேசும்போது விட்டுப்போன ஒன்றிரண்டு விவரங்களைச் சேர்த்திருக்கிறேன்.)



செயலாளர் எனக்குப் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். விஷயம் சின்னது. மழைக்காலத்துக்கு முன்னால் வீட்டுக்கு ஒன்று என்று நாற்பது பாக்கெட் டார்ச் மொத்தமாக வாங்கலாம் என ஒரு யோசனை கமிட்டியில் வந்தது. ஒரு வியாபாரி ஒன்று 140 ரூபாய் என்று விலை சொல்லியிருக்கிறார். நாற்பதுக்கு 5,600 ரூபாய். பிளக்கை வெளியே இழுத்துச் சுவரில் சொருகிச் சார்ஜ் போடும் ரகம். "சார், நீங்கள்தான் கணக்குப் பார்ப்பவர், பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்கள்.

கணக்குக்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 2023 டிசம்பர் 4, திங்கட்கிழமை. மிக்ஜாம் புயல். நமக்கு முந்தின நாள் ராத்திரியே கரண்ட் போய்விட்டது. கீழே பார்க்கிங்கில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது, ஜெனரேட்டரைப் போட முடியவில்லை, லிஃப்டும் இல்லை. பி பிளாக் மூன்றாவது மாடி மாமி சாயங்காலம் படியில் இறங்கும்போது கையில் இருந்த டார்ச் அணைந்துவிட்டது. தட்டிப் பார்த்தார், இரண்டு முறை மினுக்கி மறுபடி அணைந்தது. கடைசி இரண்டு படி தெரியவில்லை. மணிக்கட்டு எலும்பு முறிவு. அந்தத் தண்ணீரில் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன கதை இங்கே பாதிப் பேருக்குத் தெரியும்.

பலருக்குத் தெரியாதது, அந்த டார்ச்சை வாங்கிக் கொடுத்தவன் நான்தான். 2021-இல் பாரிமுனை பிளாட்பாரத்தில் ஐந்து வாங்கினால் விலை குறைவு என்று ஐந்து வாங்கி, தெரிந்தவர்களுக்கு ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். ஒன்று அறுபது ரூபாய். பெரிய சாமர்த்தியம் செய்தது போல ஒரு நினைப்பு. மாமி முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். "தாராளமாச் சொல்லுங்கோ" என்று அனுமதி கொடுத்த பிறகுதான் சொல்கிறேன்.

அந்த டார்ச்சை நான் பிறகு வாங்கித் திறந்து பார்த்தேன். உள்ளே மூன்று சின்ன செல், ரிமோட்டில் போடுகிற அளவு. ஒரு செல்லில் அடிப்பக்கம் ஓட்டையாகி, வெள்ளையாக உப்புப் பூத்து, ஸ்பிரிங் பச்சை பிடித்திருந்தது. இரண்டு வருடம் முன்னால் நான் போட்டுக்கொடுத்த அதே செல்கள். பல்பு நன்றாகத்தான் இருந்தது. ஸ்பிரிங்கைச் சுரண்டிப் புது செல் போட்டதும் பளிச்சென்று எரிந்தது. அப்போதுதான் எனக்கு உறுத்தியது. டார்ச் மலிவு என்பது ஒரு குற்றம்தான், ஆனால் அதில் சாதாரண செல்லைப் போட்டு, அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் கொடுத்தது என் குற்றம்.

சாதாரண செல் என்று நாம் வாங்கும் ஜிங்க் கார்பன் செல்லில், வெளிக்கூடாக இருக்கும் துத்தநாகக் குப்பிதான் மின்சாரம் தரும் பொருளும். செல் வேலை செய்யச் செய்ய அந்தக் குப்பி கரையும். ஒரு கட்டத்தில் சுவர் ஓட்டையாகி உள்ளே இருப்பது கசியும். பாத்திரத்தையே விறகாக எரிக்கிற மாதிரி. ஆல்கலைன் செல்லில் கூடு தனி இரும்பு, அதனால் இந்தத் தொல்லை குறைவு, ஆயுளும் அதிகம். ஆனால் அதுவும் கசியாது என்று எண்ண வேண்டாம். கசிந்தால் வருவது காரம், கை பட்டால் நன்றாகக் கழுவ வேண்டும்.

எங்கள் வங்கிக் கிளையில் ஸ்ட்ராங் ரூமுக்கு என்று மூன்று செல் பித்தளை டார்ச் ஒன்று இருந்தது. டெட் ஸ்டாக் ரெஜிஸ்டரில் அதற்கு ஒரு வரி உண்டு. ஒவ்வொரு மாதக் கடைசியிலும் செல்லை வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது ஹெட் கேஷியர் போட்ட சட்டம். அப்போது சிரித்தோம். அந்த டார்ச் நான் சேர்ந்தபோதும் எரிந்தது, ஓய்வு பெறும்போதும் எரிந்தது.

சரி, கேள்விக்கு வருகிறேன். மலிவு டார்ச் இன்று இத்தனை மலிவாகக் கிடைக்கக் காரணமே வெள்ளை எல்.இ.டி.தான். நீல ஒளி தரும் எல்.இ.டி.யைக் கண்டுபிடித்ததற்கு 2014-இல் மூன்று பேருக்கு இயற்பியல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்த நீலத்தின் மேல் மஞ்சள் பூச்சு பூசினால் நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும். பழைய பல்பு போல இழை அறுந்து போவதில்லை, செல்லையும் அந்த அளவு தின்பதில்லை. ஆகவே 60 ரூபாய் டார்ச்சிலும் ஒளி தரும் பகுதி பெரும்பாலும் நல்லதுதான். கெட்டுப்போவது மற்றவை: ஸ்விட்ச், ஸ்பிரிங், செல்லை அடுக்கும் பிளாஸ்டிக் கூடு, உள்ளே இருக்கும் பேட்டரி.

இதைச் சும்மா சொல்லவில்லை. போன மாதம் ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் பிளாட்பாரத்திலும் நான்கு ரகம் வாங்கிவந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எரியவிட்டு, அரை மணிக்கு ஒருமுறை நோட்டில் குறித்தேன். வீட்டம்மா "ஓய்வு பெற்றவர்களுக்கு வேறு பொழுதுபோக்கே இல்லையா?" என்று கேட்டார். எனக்கு எது போதும் என்பதற்கு ஒரே அளவுகோல்: பத்தடி தூரத்தில் படியின் விளிம்பு தெரிய வேண்டும்.

சாவிக்கொத்தில் மாட்டுகிற பட்டன் செல் டார்ச், 30 ரூபாய். பூட்டுத் துவாரம் தேட நல்லது. படிக்கு ஆகாது. செல் மாற்றும் செலவு டார்ச் விலையைத் தாண்டுகிறது.

ஒன்பது சின்ன எல்.இ.டி. வட்டமாக இருக்கும் மூன்று செல் ரகம், மாமியிடம் இருந்த அதே வகை, இப்போது 90 ரூபாய். முதல் அரை மணி நேரம் பிரமாதம். சாதாரண செல்லோடு இரண்டு மணி நேரத்தில் படி விளிம்பு மங்கிவிட்டது. அதன் பிறகும் எரிகிறது, எரிகிற மாதிரி தெரிகிறது, அவ்வளவுதான். இதில் ஆல்கலைன் செல் போட்டபோது நேரம் இரட்டிப்புக்கும் மேல் நீண்டது. ஆனால் செல்லைத் தாங்கும் கூடும் பின்பக்க ரப்பர் பட்டனும் அற்பமானவை. கீழே ஒருமுறை விழுந்தால் உள்ளே கம்பி விட்டுப்போகிறது.

இரண்டு பென்சில் செல் போடும் ஒற்றை எல்.இ.டி. பிளாஸ்டிக் டார்ச், 120 ரூபாய். வெளிச்சம் சுமார்தான். காட்டினால் யாரும் வியக்க மாட்டார்கள். ஆனால் ஆல்கலைன் செல் போட்டுக் காலை ஏழு மணிக்கு ஏற்றியது, ராத்திரி படுக்கப் போகும்போதும் படி விளிம்பைக் காட்டிக்கொண்டிருந்தது. என் ஓட்டு இதற்குத்தான்.

நான்காவது, கமிட்டிக்கு விலை சொல்லியிருக்கும் அதே ரகம், சுவரில் சொருகும் ரீசார்ஜ் டார்ச். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த விலைக்கு வரும் பலவற்றில் உள்ளே இருப்பது ஈய அமில பேட்டரி, இன்வெர்ட்டர் பேட்டரியின் சின்னத் தம்பி. இதைச் சார்ஜ் இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் வைத்தால் தகடுகளில் சல்பேட் படிவு ஏறி, பிறகு சார்ஜே பிடிக்காது. தினம் மாடு கட்டப் போகிறவர் கையில் இது நன்றாக உழைக்கும். வருடத்துக்கு ஒரு புயலுக்காகப் பீரோ மேலே வைக்கிற நம் கையில் செத்துவிடும். இன்னொரு விஷயம், இவற்றில் பலவற்றில் சுவர் மின்சாரத்தையும் உள் சர்க்யூட்டையும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. சார்ஜ் ஆகும்போது திறப்பதோ, ஈரக்கையால் பிடிப்பதோ கூடாது. மழைக்காலத்தில், குழந்தைகள் உள்ள வீட்டில் இது யோசிக்க வேண்டியது.

யு.எஸ்.பி. சார்ஜ் ரகம் கேட்பீர்கள். லித்தியம் பேட்டரி, சும்மா வைத்தாலும் சார்ஜ் நிற்கும், நல்ல பொருளாக 300, 400 ரூபாய்க்குக் கிடைக்கிறது. நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெட்டியில் போட்டிருப்பதை நம்பாதீர்கள். "10,000 லூமன்" என்று எழுதியிருக்கிறான். உங்கள் ஹாலில் எரியும் 9 வாட் எல்.இ.டி. பல்பு தருவது 800, 900 லூமன். பதினொன்று, பன்னிரண்டு ஹால் பல்பு உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது என்று அர்த்தம்! பேட்டரியும் அப்படித்தான். 18650 என்ற விரல் பருமன் செல்லில் நல்ல கம்பெனியே சுமார் 3,500 எம்.ஏ.எச்.தான் அடைக்க முடிகிறது. 9,900 என்று அச்சடித்திருந்தால் அச்சடித்தவனிடம் மை நிறைய இருந்தது என்றுதான் பொருள். சமையலறைத் தராசில் வையுங்கள். நல்ல செல் 45 கிராம் பக்கத்தில் இருக்கும். நகைக்கடன் மேஜையில் உட்கார்ந்திருந்த எனக்கு எடை பார்க்காமல் எதையும் நம்ப வராது.

கணக்கு இதுதான். இரண்டு செல் டார்ச் 120 ரூபாய். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆல்கலைன் ஜோடி மாற்றினால் ஐந்து வருடத்துக்கு மூன்று ஜோடி, ஜோடி 80 ரூபாய் என்றால் 240. மொத்தம் 360, ஆண்டுக்கு 72 ரூபாய். ரீசார்ஜ் ரகம் 140 ரூபாய். என் வீட்டிலும் தம்பி வீட்டிலும் ஒன்றுகூட ஒன்றரை வருடம் தாண்டவில்லை. அப்படியானால் ஐந்து வருடத்தில் நான்கு முறை வாங்க வேண்டும், 560 ரூபாய், ஆண்டுக்கு 112. செல் செலவே இல்லை என்று விற்கும் பொருள்தான் விலை அதிகம்.

"செல்போனில் டார்ச் இருக்கிறதே சார்" என்று ஏ பிளாக் இளைஞர்கள் கேட்டார்கள். இருக்கிறது. மிக்ஜாமில் கரண்ட் இல்லாத இரண்டாம் நாள் அதே இளைஞர்கள் காரில் உட்கார்ந்து போனுக்குச் சார்ஜ் ஏற்றியதையும் நான் பார்த்தேன். அன்றைக்குப் போன் பால்காரரையும் ஆஸ்பத்திரியையும் கூப்பிடுவதற்கு வேண்டும், படிக்கு வெளிச்சம் காட்ட அல்ல.

ஆகவே மலிவு டார்ச் வாங்கலாமா என்றால், வாங்கலாம். இரண்டு செல் ரகமாக, வீட்டுக்கு ஒன்று அவரவர் செலவில். வைக்கும் விதம் மட்டும் கவனியுங்கள். ஒரு செல்லைத் தலைகீழாகத் திருப்பி வையுங்கள், அல்லது செல்லுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே ஒரு துண்டு பிளாஸ்டிக் தாள் சொருகுங்கள். பைக்குள் தானே அழுந்தி எரிந்து தீராது. பழைய செல்லோடு புதுசைக் கலக்காதீர்கள். கலந்தால் பலவீனமான செல்தான் முதலில் கசியும். செல் மேல் தேதி அச்சடித்திருக்கும், வாங்கும்போது பாருங்கள். பிளாட்பாரத்தில் வாங்கும் செல்லில் அந்தத் தேதி எப்போதோ போயிருக்கும். பொருளை வாங்கினாலும் செல்லை அங்கே வாங்காதீர்கள்.

சங்கப் பணத்தில் நாற்பது டார்ச் வேண்டாம் என்பது என் கருத்து. அதற்கு இன்னொரு காரணம் மாமி சொன்னது. விழுந்தபோது ஏன் கைப்பிடியைப் பிடிக்கவில்லை என்று டாக்டர் கேட்டாராம். ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் மருந்துப் பை. எந்தக் கையால் பிடிப்பது? டார்ச் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. படியிலேயே வெளிச்சம் இருந்தால்தான் உண்டு.

கரண்ட் போனதும் உள் பேட்டரியில் தானே எரியும் பல்பு இப்போது சாதாரண ஹோல்டரிலேயே மாட்டும்படி கிடைக்கிறது. நான் விசாரித்தது ஒன்று 400 ரூபாய், சில மணி நேரம் எரியும். இரண்டு பிளாக், ஐந்து மாடி, மாடிக்கு ஒன்றாகப் பத்து பல்பு, 4,000 ரூபாய். அது எரிய வேண்டுமானால் அந்தப் புள்ளியின் ஸ்விட்ச் எப்போதும் போட்டிருக்க வேண்டும், மிச்சம் பிடிக்கிறேன் என்று யாரும் அணைக்கக் கூடாது. நானே அணைத்துவிட்டுப் போகிற ஆள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். 5,600-இல் மீதி 1,600. அதில் வாட்ச்மேன் இருவருக்கும் பெரிய செல் போடும் நல்ல டார்ச் ஒவ்வொன்று, மாற்று செல்லோடு. இன்னும் மிஞ்சுவது அடுத்த வருடம் செல் வாங்க.

பொருளாளர் ஒரு சந்தேகம் கேட்டிருக்கிறார், பத்து பல்பும் ஒரே நேரத்தில் சரியாக எரிகிறதா என்று யார் பார்ப்பது? ஒவ்வொரு மாதமும் கடைசி ஞாயிறு மாலை ஏழு மணிக்குப் படிக்கட்டு மெயினை ஐந்து நிமிடம் நிறுத்தி, நானே மேலிருந்து கீழே நடந்து பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன். ரெஜிஸ்டர் ஒன்று வாங்கிக் கொடுத்தால் போதும்.

வாங்கிய நான்கு டார்ச்சும் அந்த மேஜையில் இருக்கின்றன. எடுத்துப் பாருங்கள், அழுத்திப் பாருங்கள், வெளியே படியில் கொண்டுபோய் அடித்துப் பாருங்கள். திரும்பக் கொண்டுவந்து வையுங்கள். முதல் பல்பு பி பிளாக் மூன்றாவது மாடியில் மாட்ட வேண்டும் என்று மாமி கேட்கிறார். அதற்குக் கமிட்டி ஓட்டெடுப்பு தேவையில்லை என்று நினைக்கிறேன், அந்த 400 ரூபாய் என்னுடையது.